நுனி கனத்த வில்

ராஜபாளையத்தில் விஜயதசமி அன்று சாயங்காலம் எய்த அம்பு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர ஒன்றரை வருஷம் ஆனது. அதே தூரத்தை பஸ் அரை மணி நேரத்தில் கடந்துவிடும். பஸ் நின்று நின்று போகும், அம்பு எங்கேயும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ரயில் பெட்டி நீளம் என்ற கணக்கில், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், கையை உயர்த்தினால் எட்டுகிற உயரத்தில், ஈசானிய மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. தாழ்ந்த இடம் வந்தால் அம்பு தாழவில்லை, மேடு வந்தால் ஏறவில்லை. தரைதான் அதற்குக் கீழே ஏறி இறங்கியது. முதல் ஒரு மாதம் மதுரையிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். பிறகு உள்ளூர்க்காரர்கள் மட்டும் பார்த்தார்கள். பிறகு அவர்களும், பக்கத்து வீட்டில் மாடி எடுப்பதைப் பார்க்கிற மாதிரி, போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எய்தவர் பூசாரி ஆண்டிச்சாமி. வில்லைச் செய்தவன் கிளாட்வின். பூசாரியின் தெருக்காரர்களுக்குச் சொந்தமான அம்மன் கோயிலில் விஜயதசமிக்கு அம்பு போடுவது வழக்கம். அம்மன் சப்பரத்தில் ஏறித் திடலுக்கு வரும். பூசாரி சப்பரத்தில் நின்றபடி அம்மன் கையிலிருக்கும் வில்லை வாங்கி ஈசானிய மூலைக்கு ஒரே ஒரு அம்பு விடுவார். அது பத்தடி போய் விழும். விழுந்த அம்பை எடுப்பதற்கு இளவட்டங்கள் சட்டை கிழிய அடித்துக்கொள்வார்கள். எடுத்தவன் வீட்டில் அந்த வருஷம் ஒரு நல்ல காரியம் நடக்கும் என்பது நம்பிக்கை. வில் என்று பெயரே தவிர அது வளைத்துக் கட்டிய மூங்கில் குச்சி. அந்தக் குச்சி முந்தின வருஷம் ஒடிந்துபோனது. இந்தத் தடவை அசல் வில்லே செய்துவிடலாம் என்று கோயில் கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன் கிளாட்வினின் தகரச் செட்டுக்கு வந்தார்.

கிளாட்வின் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். அங்கே ஜார்க்கண்டில் இருந்தபோது காட்டு ஜனங்கள் வில் செய்வதைப் பார்த்துக் கையில் அந்தப் பித்து ஏறிவிட்டது. ஊருக்கு வந்து வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, கல்லூரிப் பையன்களின் போட்டிகளுக்கு மர வில் செய்துகொடுத்துக்கொண்டிருந்தான். முன்பக்கம் மூங்கில் பத்தை, பின்பக்கம் வளைந்துகொடுக்கிற தடசு மரம், இரண்டையும் எதிர்ப்பக்கமாக வளைத்துப் பசை போட்டுக் கட்டுவான். நாண் பூட்டாதபோது அந்த வில் தன் எஜமானைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி வளைந்து கிடக்கும். நாண் பூட்டினால் அந்தத் திமிர் முழுக்க அம்புக்குப் போகும். போக வேண்டும். போகுமா போகாதா என்பது கைப்பிடிக்கு மேலும் கீழும் நீள்கிற வில்லின் இரண்டு கைகளும் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

அவனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் மரம் நாணை விடும்போது ஒரு விரற்கடைதான் நகரும். நுனியில் இருக்கும் மரம் ஒரு முழம் பாய வேண்டும். நுனியில் கொஞ்சம் கனம் கூடினாலும் வில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலேயே களைத்துப்போகும், அம்புக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் அவன் பிடியருகே மூன்று விரல் அகலம் வைத்து, பாதிக்கு மேல் நேர்கோடாகக் குறைத்துக்கொண்டே போய், நுனியில் சுண்டுவிரல் அகலத்தில் நிறுத்துவான். அதற்கும் கீழே இழைத்தால் வேறு ஆபத்து உண்டு. எதிர்வளைவு கொண்ட வில்லுக்கு நுனி ரொம்ப மெலிந்துபோனால் கை முறுக்கிக்கொள்ளும், நாண் பக்கவாட்டில் நழுவித் தெறிக்கும். அப்படித் தெறித்த நாண் ஒன்றின் தழும்பு அவன் தாடையில் இருக்கிறது.

சௌந்தரபாண்டியனுக்கு நுனி இரண்டும் தாமரை மொட்டு மாதிரி விரிந்து இருக்க வேண்டும், மேலே வெள்ளித் தகடு அடிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, நுனியில கனம் ஏறுனா அம்பு போவாது."

"ஏலே, பத்தடி போனாப் போதும்லே. ஜனம் அம்பையா பாக்குது? வில்லைத்தான பாக்குது. கடைசி வரிசையில நிக்கவனுக்கும் வெள்ளி மின்னணும். நீ பாட்டுக்கு ஈர்க்குச்சி மாதிரி சீவிக்கொண்டாந்துராத."

கிளாட்வின் ஒத்துக்கொண்டான். ஆனால் தன் கையால் செய்த வில்லிலிருந்து அம்பு பத்தடியில் விழுவதை நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. நுனியில் இழப்பதை உள்ளே சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். பிடியருகே மரத்தைத் தடிப்பாக விட்டான். எதிர்வளைவை வழக்கத்துக்கு இரண்டு மடங்கு ஏற்றினான். இதுவரை அவன் செய்ததிலேயே பலமான வில்லும் அதுதான், நுனி கனத்த வில்லும் அதுதான். இரண்டையும் ஒரே மரத்தில் செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டான்.

ஒன்பது நாள் விரதம் இருந்த பூசாரி அதைக் காதுவரை இழுத்தார். எப்படி இழுத்தார் என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. நாணை விட்டார். அம்பு வில்லை விட்டு வெளியே வந்து அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. திடலில் மேளம் நின்றது. யாரோ சிரித்தார்கள். சப்பரத்துக்குப் பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த மாடத்தி மட்டும் அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிக்கலய்யா, போவுது. நல்லாப் பாருங்க, போவுது," என்றாள். பார்த்தார்கள். போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்பை எடுக்கக் காத்திருந்த இளவட்டங்கள் ராத்திரி வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

முதலில் பிடித்துப் பார்த்தார்கள். பத்துப் பேர் தொங்கினார்கள், பத்துப் பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஜேசிபியில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள், ஜேசிபி தரையைக் கீறிக்கொண்டே மூன்று நாள் கூடப் போனது. நான்காம் நாள் சங்கிலி அறுந்தது. அம்பு அடுத்ததாகப் பஞ்சு மில்லின் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டது. துளைத்துக்கொண்டு போகும் என்று நினைத்தார்கள். துளைக்கவில்லை, தள்ளியது. சுவர் ஒரு வாரம் சாய்ந்துகொண்டே இருந்து, எட்டாம் நாள் காலை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், முழுசாகப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தடுக்கவில்லை. வழி விட்டார்கள். சர்வே வேலை பார்க்கும் கௌதம்ராஜை அழைத்து, அம்பு எந்த வீட்டுக்குள் எந்த இடத்தில் நுழையும், எந்த இடத்தில் வெளியே வரும் என்று குறித்து வாங்கி, அந்த இடத்தில் சுவரை ஒரு முழத்துக்கு வெட்டி வைத்தார்கள். அதற்கு அம்பு ஜன்னல் என்று பெயர் வந்தது. அம்பு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, டிவிக்கு முன்னால் மெதுவாகக் கடந்து, மறுபக்கம் வெளியே போனது. அது உள்ளே இருக்கும் நாளில் சிலர் அசைவம் சமைக்கவில்லை. சிலர் சமைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதுரை ரோட்டைக் கடக்க அதற்குப் பாதி நாள் ஆனது. போலீஸ் தடுப்பு வைத்து பஸ்களைச் சுற்றி விட்டார்கள். கல்யாண மண்டபம் ஒன்றுக்குள் முகூர்த்த நாளில் இருந்தது, மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டினார். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தைக் கடந்தபோது அதன் வாலில் ஒரு வெள்ளை நூல் சிக்கி, பிறகு கடைசி வரை கூடவே ஆடிக்கொண்டு போனது. மாந்தோப்பில் களை எடுக்க வந்த பிச்சையம்மாள் தூக்குவாளியை அதில் மாட்டிவிட்டு வேலை பார்த்தாள். மத்தியானம் வந்து பார்த்தபோது வாளி அடுத்த வரிசை மரத்துக்குப் போயிருந்தது. "கொண்டுட்டு ஓடிருமோன்னு நெனச்சேன். பரவால்ல, மெதுவாத்தான் திருடுது," என்றாள். கண்மாயின் மேல் அது போன வாரங்களில் ஒரு மீன்கொத்தி அதில் உட்கார்ந்து பழகிக்கொண்டது. தண்ணீருக்கு மேலே, ஒன்றின் மேலும் படாமல், ஒரு பறவையைச் சுமந்துகொண்டு ஒரு அம்பு நகர்வதைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் குறைந்துபோகும் என்று இருந்தது.

கிளாட்வினும் வாரம் ஒரு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு போய் அதற்குக் கீழே நிற்பான். காதைக் கிட்டே கொண்டுபோனால் அம்பு ரீங்காரமிடுவது கேட்கும். அதே ரீங்காரம் அவன் செட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏனென்றால் அன்றைக்குப் பூசாரி விட்ட நாண் இன்னும் ஓயவில்லை. எந்த வில்லிலும் நாண் ஒரு தடவை அதிர்ந்து அடங்கிவிடும். இந்த வில் கோயிலில் வைத்த இடத்தில் அதிர்ந்துகொண்டே இருந்து, விளக்குச் சிம்னிகளை உடைத்து, பூசாரியைத் தூங்கவிடாமல் செய்ததால், ஒரே வாரத்தில் அவனிடமே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். நாணைக் கழற்ற அவனும் முயன்றான். விரல் நகம் போனது. மணல் மூட்டைகளுக்கு நடுவே அதைப் படுக்க வைத்து, அந்தச் சத்தத்தோடு குடியிருந்தான்.

அம்பு பாதி வழி போயிருந்தபோது கௌதம்ராஜ் செட்டுக்கு வந்தான். போனில் வரைபடத்தை விரித்து, அம்பின் கோட்டை ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இழுத்துக் காட்டினான். தென்னந்தோப்பு ஒன்று, தோப்பு முடிந்ததும் ஒரு மாடி வீடு. "அண்ணே, இந்த வீட்டுல ஜன்னல் வெட்ட முடியாது. நேரா மூலைத் தூணுக்குப் போவுது. தூணை எடுத்தா மாடி எறங்கிரும். யாரு வீடுன்னு விசாரிக்கணும்," என்றான்.

கிளாட்வின் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அது எலினாவின் வீடு. எலினா அவன் மனைவி. அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனை விட்டுப் போனவள். சண்டை ஒன்றும் இல்லை. அவள் பேசும்போதெல்லாம் அவன் ஏதாவது ஒரு வில்லின் நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திப் பார்த்தாள். அவன் கவனிக்கவில்லை. நாலு நாள் பேசாமலே இருந்து பார்த்தாள். அதையும் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இருவரும் ஒரே கோயிலுக்கு வருவார்கள். அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் பிரிந்த விஷயம் பலருக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்பா கொடுத்த மனையில் அவள் தனியாகவே நின்று வீட்டைக் கட்டினாள்.

அவன் போன் செய்தான்.

"எலினா, நாந்தான். அம்பு ஒன் வீட்டு மூலைத் தூணுக்கு வருதாம்."

எலினா சொன்னாள்: "மூணு வருஷத்துல ஒங்ககிட்ட இருந்து ஒண்ணு கெளம்பி என்னயப் பாத்து வருது. அதுவும் வீட்டை இடிக்கத்தான் வருதா?"

"நான் எய்யலட்டி. பூசாரில்லா எய்தாரு."

"செஞ்சது யாரு?"

"நாந்தான்."

"பொறவு என்ன?"

"அது வந்து சேருற வரைக்கும் கொஞ்ச நாளு ஒங்க அம்மா வீட்டுல போயி இரு."

"நான் எதுக்குப் போவணும்? ஒவ்வொரு செங்கலும் நான் நின்னு வச்சது. போவச் சொல்லணும்னா ஒங்க அம்பைப் போவச் சொல்லுங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். தூண் விழுந்தால் அவள் அதற்குக் கீழேதான் இருப்பாள் என்பது அவனுக்குத் தெரிந்துபோனது.

அடுத்த விஜயதசமிக்கு முன்னால் சௌந்தரபாண்டியன் ஆளோடு வந்தார். வெள்ளி கோயில் சொத்து, புது வில்லுக்கு வேண்டும் என்றார். குறடால் நுனிகளிலிருந்து தகட்டை உரித்தார்கள். தகடு கழன்றதும் வில்லின் சத்தம் ஒரு சுருதி ஏறியது. அன்று சாயங்காலம் கௌதம்ராஜ் போனில் வீட்டுத் தெலுங்கும் கலந்து கத்தினான்: "ஓரி நாயனா! அண்ணே, மூணு நாளு தூரத்தை ஒரே நாள்ல போயிட்டு. பம்புசெட்டு ரூமுக்கு ஜன்னல் வெட்டுறதுக்குள்ள போயிட்டுண்ணே!" கிளாட்வின் வில்லின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தான். அம்பு எங்கோ கண்மாய்க்கு அந்தப்பக்கம் போய்விட்டது. ஆனால் எய்து முடியவில்லை. நாண் ஓயாத வரைக்கும் எய்து முடியாது. இங்கே இருக்கும் இந்த வில் இன்னும் அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நுனியின் கனம் குறைந்தால் அம்பு வேகமாகப் போகும், கூடினால் மெதுவாகப் போகும்.

அவன் உடனே செய்ததை யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். கண்மாயில் வலை போடுகிறவர்களிடம் ஈயக்குண்டுகளை வாங்கி, இரண்டு நுனியிலும் சமமாகச் சுற்றிக் கட்டினான். சத்தம் உறுமலாக இறங்கியது. அம்பு முன்னை விடவும் மெதுவாகிவிட்டது. எலினாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லாமல், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான். அப்படியே சில மாதங்கள் ஓடின. அம்பு தென்னந்தோப்புக்குள் நுழைந்தது. நுழைந்த இடத்தில் ஒரு தென்னை நின்றது. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை என்று அம்பு அதைத் தள்ளியது. முப்பது வருஷத்து மரம், வேரோடு, மண்ணைப் பெயர்த்துக்கொண்டு, ஒரு மாதமாகச் சாய்ந்து விழுந்தது. எலினா மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் அதைப் பார்த்தாள்.

இந்தத் தடவை அவளே போன் செய்தாள்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஈயம் கட்டுனேன். மெதுவாப் போவட்டும்னு."

"பம்புசெட்டு ரூமைத் தாண்டும்போது சுவரு விழலயாம்லா. ஜன்னலும் வெட்டல. சின்ன ஓட்டை போட்டுட்டுப் போயிட்டுன்னு கௌதம்ராஜ் சொல்லுதான். இங்க என்னடான்னா மரத்தையே சாச்சுட்டு."

"ஆமா."

"ஏ மனுசா, நான் ஒரு நாளைக்கு எம்புட்டு ஊசி போடுதேன் தெரியுமா? பயந்து பயந்து மெதுவாக் குத்துனா சதை கிழிஞ்சிரும். சடக்குன்னு போட்டுட்டா பிள்ளைக்குக்கூடத் தெரியாது. நீங்க பயந்துக்கிட்டு மெதுவாக் குத்திக்கிட்டு இருக்கீங்க."

அவன் போனைப் பிடித்தபடி வில்லின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்ன ஒரு வார்த்தையும் விடாமல் காதில் விழுந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போகும்வரை அம்புக்குப் பின்னால் வில் நிற்கிறது. எய்து முடிந்துவிட்டால் அது வெறும் அம்பு. வெறும் அம்பு ஒரு தூணை என்ன செய்யும்? காரையைப் பெயர்க்கும். ஆனால் இதெல்லாம் அவன் நினைப்புதான். தவறென்றால், மில் சுவரைச் சாய்த்த பலம் முழுவதும் ஒரே நொடியில் அந்த வீட்டுக்குள் போகும்.

"நாளைக்குக் காலையில நுனியைச் சீவுதேன். நீ மட்டும் வெளிய போயி நில்லு."

"சரியாச் செய்வீங்களா?"

"செய்வேன்."

"அப்ப நான் எதுக்கு வெளிய போறேன்?"

காலையில் வெயில் ஏறுவதற்குள் அவன் கையில் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். போனில் ஒரு பக்கம் தோப்பிலிருந்து கௌதம்ராஜ், இன்னொரு பக்கம் தூணுக்கு அருகில் நாற்காலி போட்டு எலினா. முதலில் ஈயக்குண்டுகளை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கழற்றினான். அம்பு பழைய வேகத்துக்கு வந்தது. பிறகு அரத்தை எடுத்துத் தாமரை மொட்டுகளை ராவினான். அதிர்கிற மரத்தில் அரம் துள்ளியது, தூள் தரையில் விழாமல் வில்லைச் சுற்றி அந்தரத்தில் நின்றது. கௌதம்ராஜ் சொல்லிக்கொண்டே வந்தான். இப்போது நகர்வது நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது எறும்பு வேகம். இப்போது கைப்பிள்ளை தவழ்கிற மாதிரி. தோப்பில் கோட்டின் மேல் இன்னும் ஒரு தென்னை நின்றது. அம்பு ஆள் நடக்கிற வேகத்தில் அதற்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. மரம் அசையவில்லை. "ஓட்டைண்ணே! ஓட்டை மட்டுந்தாண்ணே, நம்ம விரல் கனம்! நானும் கூடவே ஓடுதேன்!" என்றான் கௌதம்ராஜ். அவனுக்கு மூச்சு வாங்கியது.

கிளாட்வின் அரத்தை வைத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லை எடுத்தான். இனி அகலத்தில் மட்டும்தான் எடுக்க வேண்டும், தடிப்பில் கை வைக்கக் கூடாது. மேலே ஒரு சுருள் எடுத்தால் கீழேயும் ஒரு சுருள். அகலம் சுண்டுவிரலுக்கு வந்தது. எப்போதும் அவன் நிறுத்துகிற இடம் அது. நாண் ஓயவில்லை. எதிர்வளைவை இரண்டு மடங்கு ஏற்றி வைத்திருக்கிறானே, அந்தப் பலத்துக்கு இந்த மெலிவு போதாது. அதற்கும் கீழே இறங்கினான். மேல் கை லேசாக முறுக்கிக்கொள்வது தெரிந்தது. நாண் நுனியின் ஓரத்துக்கு நகர்ந்தது, இன்னும் ஒரு நெல் அளவு நகர்ந்தால் தெறித்துவிடும். தாடைத் தழும்பு சில்லிட்டது. அவன் முகத்தை விலக்கவில்லை. முறுக்குகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மூச்சை அடக்கி, ஒரே இழுப்பாகக் கண்ணாடியை ஓட்டினான். வெங்காயத் தோல் மாதிரி ஒரு சுருள் கழன்றது. நுனி நேரானது. நாண் நடுவுக்கு வந்தது.

பிறகு சத்தம் நின்றது. ஒன்றரை வருஷமாக அந்தச் செட்டில் இருந்த சத்தம் நின்றதும், தெருவில் காய்கறி வண்டிக்காரர் விலை கூவுவது புதிதாகக் கேட்டது. அந்தரத்தில் நின்ற மரத்தூள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. போனில் டொக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

"எலினா."

போனைக் கையில் எடுத்தான்.

"எலினா. ஏட்டி!"

"வந்துட்டு," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. "கண்ணுக்கே தெரியல. இங்க இல்ல, பொறவு இருக்குது. வாலு இன்னும் ஆடுது. ஒரு வெள்ளை நூலு தொங்குது."

"தூணு?"

"நிக்குது. காரை கொஞ்சம் பேந்திருக்கு."

"நீ?"

"நானும் நிக்கேன். நாற்காலிதான் சாஞ்சிட்டு." நாற்காலியை நிமிர்த்திப் போட்டபடி சொன்னாள்: "வந்து பாருங்க. ஒங்க அம்புதான."

அவன் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். அரை மணி நேரத்தில் போய் இறங்கினான். அம்பு வந்த வழியைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. தூணில் ஒரு விரற்கடை ஆழத்துக்கு அம்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். அவன் அதைப் பிடுங்கக் கை வைத்தான். இருக்கட்டும், பிடுங்கினால் ஓட்டையை யார் பூசுவது என்றாள் எலினா. அன்று மத்தியானம் அங்கேயே சாப்பிட்டான். சாப்பிடும்போது அவள் பேசிக்கொண்டே இருந்தாள், ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த டாக்டரைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி. அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடையிடையே, அது யார், எப்போது என்று கேட்கவும் செய்தான். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு யாரும் நேரம் பார்க்கவில்லை.

இப்போது செட்டு தென்னந்தோப்பின் ஓரத்தில் இருக்கிறது. அந்த வில் உத்தரத்தில் நாண் இல்லாமல், எதிர்ப்பக்கம் வளைந்து தொங்குகிறது. கல்லூரிப் பையன்கள் வந்தால் அதன் நுனியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இவ்வளவு மெல்லிய நுனி எப்படி நிற்கிறது என்று கேட்பார்கள். நிற்கிறது என்பான் கிளாட்வின். ராஜபாளையத்தில் அம்மன் கைக்கு மறுபடியும் மூங்கில் குச்சி வந்துவிட்டது. அம்பு பத்தடியில் விழுகிறது, இளவட்டங்கள் சட்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். அம்பு ஜன்னல் வெட்டிய வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் அதை அடைக்கவில்லை. சாயங்காலம் நல்ல காற்று வருகிறதாம். எலினா வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்கள் தூணில் இருக்கும் அம்பைக் கழற்றச் சொல்வதில்லை. அதன் மேல் ஒரு பழைய பேப்பரைச் சுற்றி, சுற்றிலும் அடித்து, காய்ந்த பிறகு பேப்பரை உருவிக்கொண்டு போகிறார்கள்.